எந்தப் பிரஸ்பிட்டேரியன் சபையில் பெயர் கொடுப்பது?

அமெரிக்காவுக்குக் குடிவந்த தமிழ்க் கிறிஸ்தவர்களில், அதிலும் சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) வளர்ந்தவர்களில், பலர் பிரஸ்பிட்டேரியன் சபைகளுக்குப் போகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கும். ஆராதனையில் பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் எல்லாம் பழகிய மாதிரியே வரும். கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அதனால் ஒட்டிக்கொள்வது சுலபம். ஒரு வருஷம், இரண்டு வருஷம் இப்படியே ஓடும். பிறகு ஒரு நாள் போதகர், "புது உறுப்பினர் வகுப்பு ஆரம்பிக்கிறது, நீங்களும் வாருங்களேன்" என்பார். அங்கேதான் பலரும் தயங்கி நிற்கிறார்கள். சேரலாமா, வேண்டாமா? சேர்ந்தால் ஊர்ச் சபையில் இருக்கும் பெயர் என்ன ஆகும்? அடுத்த தெருவில் இன்னொரு பிரஸ்பிட்டேரியன் சபை இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானா?

கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். ஒன்றல்ல. பெயர்ப்பலகையில் பிரஸ்பிட்டேரியன் என்று போட்டிருக்கும் இரண்டு சபைகள் ஒன்றோடொன்று எந்த நிர்வாகத் தொடர்பும் இல்லாமல் இருக்கலாம். பெண் போதகர் முதல் திருமணம்வரை எதிரெதிர் நிலையில் நிற்கலாம். நாங்கள் நியூ ஜெர்சியில் ஒரு பி.சி.யு.எஸ்.ஏ. (பிரஸ்பிட்டேரியன் சர்ச், யு.எஸ்.ஏ.) சபையில் உறுப்பினர்கள். என் தம்பி குடும்பம் அட்லாண்டாவில் பி.சி.ஏ. (பிரஸ்பிட்டேரியன் சர்ச் இன் அமெரிக்கா) என்ற வேறொரு பிரிவின் சபையில் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் ஒரே கோயிலில் ஓய்வுநாள் பாடசாலை படித்தவர்கள் நாங்கள். விடுமுறைக்கு அவன் வீட்டுக்குப் போனால் அவன் சபைக்குப் போகிறோம், அவன் வந்தால் எங்கள் சபைக்கு வருகிறான். இந்த விஷயத்தில் எங்களுக்குள் நடக்காத வாக்குவாதம் இல்லை. அதனால் இரண்டையும் ஓரளவு கிட்டத்தில் பார்த்த தைரியத்தில் எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

பிரஸ்பிட்டேரியன் பாரம்பரியம் நமக்கு அந்நியம் இல்லை. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சி.எஸ்.ஐ. உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு சேர்ந்தது தென்னிந்திய ஐக்கிய சபை. அது 1908-லேயே பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனலிஸ்டுகளும் இணைந்து அமைத்தது. எழும்பூரில் 1821-ல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கோயிலை, 'கர்க்' என்று சொல்வார்களே, ஸ்காட்லாந்துக்காரர்கள்தான் கட்டினார்கள். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1837-ல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பள்ளிக்கூடமாகத் தொடங்கியது. வேலூர், ஆற்காடு பக்கத்துக் குடும்பங்களுக்கு ஸ்கடர் குடும்பத்தின் ஆற்காடு மிஷன் வழியாக அமெரிக்க சீர்திருத்தச் சபையின் உறவு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வழிவந்தவர்களும் தென்னிந்திய ஐக்கிய சபை வழியாகவே 1947-ல் சி.எஸ்.ஐ.க்குள் வந்தார்கள். ஆகவே, 'தாய்ச்சபையை விட்டு வேறு மதத்துக்குப் போன மாதிரி' என்று ஊரில் யாராவது பெரியவர் வருத்தப்பட்டால், இந்த வரலாற்றைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

உறுப்பினர் என்றால் யாருக்குப் பொறுப்பு?

நமக்குப் பழகாத ஒன்று இருக்கிறது என்றால் அது நிர்வாக முறைதான். இங்கே பேராயர் கிடையாது. போதகரை மாற்றி அனுப்ப யாரும் இல்லை. ஒரு சபையின் மக்கள் தாங்களே போதகரைத் தேடி, பேட்டி கண்டு, ஓட்டுப் போட்டு அழைக்கிறார்கள். அந்த வட்டாரத்துச் சபைகள் சேர்ந்த பிரஸ்பிட்டரி அதற்கு ஒப்புதல் தர வேண்டும். சபையை நடத்துவது 'செஷன்' என்ற மூப்பர் குழு. மூப்பர்களைத் தேர்ந்தெடுப்பதும் உறுப்பினர்கள்தான். செஷனுக்கு மேல் பிரஸ்பிட்டரி, எல்லாவற்றுக்கும் மேல் பொதுச்சபை. சில பிரிவுகளில் இடையில் சினாடும் உண்டு.

இதில் என்னை ஈர்த்தது ஒரே ஒரு விஷயம். செஷன் உங்களைப் பற்றி எடுக்கும் ஒரு முடிவு அநியாயம் என்று பட்டால் நீங்கள் பிரஸ்பிட்டரிக்கு மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் அதற்கும் மேலே போகலாம். விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்று புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். போதகரின் சொந்தக் குடும்பமே டிரஸ்டிகளாக இருக்கும் ஊழியங்களில் மனம் புண்பட்டு வெளியே வந்தவர்களை நம்மில் பலருக்குத் தெரியும். 'அபிஷேகம் பண்ணப்பட்டவருக்கு எதிராகப் பேசாதே' என்ற ஒற்றை வரியில் அவர்களுடைய வாய் அடைக்கப்பட்டது. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த அமைப்பு பெரிய ஆறுதல். இங்கே போதகருக்கும் மேலே கேட்க ஆள் உண்டு.

ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் உறுப்பினருக்குத்தான். வருஷக் கணக்காகப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவருக்கு இல்லை. 'போகிறோம், வருகிறோம், காணிக்கை போடுகிறோம், அது போதாதா?' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிரசங்கம் கேட்கலாம், பெரும்பாலான இடங்களில் திருவிருந்தும் எடுக்கலாம், பாடகர் குழுவில் பாடவும் விடுவார்கள். போதகரை அழைக்கும் கூட்டத்தில் ஓட்டு இருக்காது, மூப்பராக முடியாது, உங்கள் குடும்பத்துக்காகக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் என்று ஒருவரும் இருக்கமாட்டார். ஆறு மாதம், ஒரு வருஷம் சுற்றிப் பார்ப்பது நல்லது, அவசியமும்கூட. அதற்கு மேலும் விருந்தாளியாகவே இருப்பது, முக்கியமாகப் பிள்ளைகள் வளரும் வீட்டில், நல்ல தேர்வு என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு பெரிய பிரிவுகள்

பி.சி.யு.எஸ்.ஏ. 1983-ல் உருவானது. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1861-ல், வடக்கு தெற்கு என்று பிரிந்துபோன சபைகள் நூற்றிருபது வருஷத்துக்குப் பிறகு அட்லாண்டாவில் மறுபடி ஒன்றானபோது வைத்த பெயர் அது. தலைமையகம் கென்டக்கி மாநிலத்து லூயிவில். சேர்ந்தபோது 30 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். இப்போது பத்து லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. பல சபைகளில் ஞாயிறு காலை பார்த்தால் நரைத்த தலைகள்தான் அதிகம். இதை யாரும் உங்களிடம் முதல் நாளே சொல்லமாட்டார்கள், ஆனால் கண்ணுக்குத் தெரியும்.

பி.சி.ஏ. 1973 டிசம்பரில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் தொடங்கியது. தெற்குச் சபை வேத அதிகாரத்தில் தளர்ந்துவிட்டது என்று கருதியவர்கள் பிரிந்துவந்து அமைத்தது. சுமார் 4 லட்சம் உறுப்பினர்கள். நியூயார்க்கில் 1989-ல் ரிடீமர் சபையைத் தொடங்கிய டிம் கெல்லர் இந்தப் பிரிவைச் சேர்ந்தவர். தமிழ் இளைஞர்கள் பலர் அவருடைய பிரசங்கங்களைக் கேட்டுத்தான் பி.சி.ஏ. என்ற பெயரையே தெரிந்துகொள்கிறார்கள். கல்லூரி வளாகங்களில் ஆர்.யு.எஃப். என்ற மாணவர் ஊழியமும் இவர்களுடையது. தம்பி மேல்படிப்புக்கு வந்தபோது அந்த வழியாகத்தான் உள்ளே போனான்.

விசுவாச அறிக்கையில் ஆரம்பிக்கலாம். பி.சி.ஏ. பிடித்து நிற்பது வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையையும் அதன் பெரிய, சிறிய வினாவிடைகளையும். எல்லாம் 1640-களில் எழுதியவை. சிறிய வினாவிடையில் 107 கேள்விகள். என் தம்பி பிள்ளைகள் காரில் போகும்போது முதல் கேள்வியைப் பாட்டாகவே பாடுவார்கள்: மனிதனின் பிரதான நோக்கம் என்ன? தேவனை மகிமைப்படுத்துவதும் என்றென்றும் அவரில் மகிழ்ந்திருப்பதும். அதைக் கேட்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும், உள்ளதைச் சொல்கிறேன். பி.சி.யு.எஸ்.ஏ.வில் ஓர் அறிக்கைக்குப் பதில் ஒரு தொகுப்பு இருக்கிறது. நிசேயா பிரமாணம், அப்போஸ்தலர் பிரமாணம், வெஸ்ட்மின்ஸ்டர், ஹைடல்பெர்க், ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியில் எழுதிய 1934-ஆம் வருஷத்து பார்மென் அறிக்கை, தென்னாப்பிரிக்க இன ஒதுக்கலுக்கு எதிராக எழுந்து 2016-ல் இங்கே சேர்க்கப்பட்ட பெல்ஹார் என்று மொத்தம் 12. சாதி நம் சபைகளுக்குள்ளேயே எப்படி நுழைந்து உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து வளர்ந்தவள் நான். சபைக்குள் மனிதரைப் பிரித்துவைப்பது சுவிசேஷத்துக்கே விரோதம் என்று பெல்ஹார் சொல்வதை வாசித்தபோது, நம் ஊருக்காகவே எழுதியதுபோல் இருந்தது. ஆனால் 12 அறிக்கைகள் இருப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. எல்லாவற்றையும் மதிக்கிறோம் என்ற பெயரில் எதையும் ஆழமாகக் கற்பிக்காத சபைகள் இருக்கின்றன. பி.சி.ஏ.வில் அந்த ஆபத்து குறைவு.

முன்னறிந்து தெரிந்துகொள்ளுதல் (யார் இரட்சிக்கப்படுவார் என்பதைத் தேவனே முன்கூட்டித் தீர்மானித்தார் என்பது) போன்ற கடினமான உபதேசங்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி.சி.ஏ.விலும் வெஸ்ட்மின்ஸ்டரை ஏற்று உறுதி கொடுக்க வேண்டியவர்கள் போதகர், மூப்பர், உதவிக்காரர் ஆகியோர்தான். சாதாரண உறுப்பினரிடம் கேட்பது இயேசுவின்மேல் உண்மையான விசுவாசம் இருக்கிறதா என்பதை மட்டுமே.

அப்புறம் பெண்கள். இதுதான் எங்கள் வீட்டில் முடிவைத் தீர்மானித்தது. பி.சி.யு.எஸ்.ஏ.வின் முன்னோடியான வடக்குச் சபை 1930-ல் பெண்களை மூப்பராகவும் 1956-ல் போதகராகவும் அபிஷேகம் செய்யத் தொடங்கியது. பி.சி.ஏ.வில் இந்தப் பொறுப்புகள் ஆண்களுக்கு மட்டும். பெண்கள் ஓட்டுப் போடலாம், கற்பிக்கும் பல பணிகளைச் செய்யலாம், உதவிக்காரர்களுக்குத் துணையாகச் செஷன் அவர்களை நியமிக்கலாம், ஆனால் அபிஷேகம் இல்லை. இது பெண்ணைத் தாழ்த்துவதற்காக அல்ல, தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தை அப்படியே எடுத்துக்கொள்வதால்தான் என்று தம்பி வாதாடுவான். அவன் மனைவி பொறியாளர். அந்த நிலையை முழு மனதோடு ஏற்றுக்கொண்டவள், யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அதை நான் மதிக்கிறேன். ஆனால் நான் வந்தது சி.எஸ்.ஐ.யிலிருந்து. அங்கே பெண் ஆயர்கள் பல வருஷமாக இருக்கிறார்கள், 2013-ல் நந்தியால் பேராயத்துக்குப் புஷ்பலலிதா அம்மையார் பேராயராகவே வந்தார். என் மகள் திருவிருந்து மேசைக்குப் பின்னால் ஒரு பெண் நின்று அப்பத்தைப் பிட்கிறதைப் பார்த்து வளர வேண்டும் என்று விரும்பினேன். இதில் நான் சமரசம் செய்துகொள்ளத் தயாராக இல்லை.

மூன்றாவது விஷயத்தைத்தான் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் முதலில் கேட்கின்றன. பி.சி.யு.எஸ்.ஏ. 2011-ல் ஓரினச்சேர்க்கையாளர்களின் அபிஷேகத்துக்கு இருந்த தடையை நீக்கியது. 2015-ல் திருமணத்தைப் பற்றிய விளக்கத்தையும் மாற்றியது. அப்படிப்பட்ட திருமணத்தை நடத்தும்படி எந்தப் போதகரையும் செஷனையும் கட்டாயப்படுத்த முடியாது என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். அதனால் சபைக்குச் சபை நடைமுறை வேறுபடும். பி.சி.ஏ. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்று உறுதியாக நிற்கிறது. இந்த ஒரு கேள்வியில் உங்கள் மனசாட்சி அசையாது என்றால், முடிவு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், மற்ற ஒப்பீடுகளுக்கு அவசியம் குறைவு. எங்கள் வீட்டிலேயே இதில் எல்லாருக்கும் ஒரே கருத்து இல்லை. கருத்து வேறுபாட்டோடு ஒரே மேசையில் பங்கெடுக்க முடியும் என்று நாங்கள் நினைத்தோம். முடியாது என்று தம்பி நினைத்தான்.

பொதுச்சபை உங்கள் பெயரில் பேசும் என்பதையும் மறக்க வேண்டாம். பி.சி.யு.எஸ்.ஏ.வின் 2014-ஆம் வருஷத்துப் பொதுச்சபை டெட்ராய்ட்டில் கூடி, இஸ்ரேல்-பாலஸ்தீனப் பிரச்சினையை முன்னிட்டு மூன்று நிறுவனங்களிலிருந்து தன் முதலீட்டைத் திரும்ப எடுத்தது. 310 ஓட்டுக்கு 303. அந்த அளவு பிளவுபட்ட முடிவுகளும் நாளிதழில் 'பிரஸ்பிட்டேரியன்கள் முடிவெடுத்தார்கள்' என்றுதான் வரும். சபை நாட்டு நடப்பில் வாய் திறக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இது பலம், மற்றவர்களுக்குத் தலைவலி. பி.சி.ஏ. இப்படிப்பட்ட விஷயங்களில் பொதுவாக அடக்கி வாசிக்கும். ஆனாலும் சிவில் உரிமைப் போராட்டக் காலத்தில் தங்கள் முன்னோர் செய்த இனவெறிப் பாவங்களுக்காக 2016-ல் அவர்களுடைய பொதுச்சபை அறிக்கையிட்டு மனந்திரும்பியது.

மற்ற இரண்டு

ஓ.பி.சி. (ஆர்த்தடாக்ஸ் பிரஸ்பிட்டேரியன் சர்ச்) சின்னது, முப்பதாயிரத்துச் சொச்சம் உறுப்பினர்கள்தான். பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிரெஷம் மேச்சன் 1936-ல் தொடங்கியது. பி.சி.ஏ.வைவிட இன்னும் இறுக்கம். ஞாயிறு காலையும் மாலையும் ஆராதனை, ஓய்வுநாள் ஒழுங்கு, சங்கீதங்களும் பழைய பாட்டுகளும். சில செஷன்கள் திருவிருந்துக்கு முன் விருந்தாளிகளிடம் பேசிப் பார்த்துத்தான் அனுமதிக்கும். கிட்டாரும் டிரம்ஸும் பிடிக்காமல், நீண்ட வேதவிளக்கப் பிரசங்கத்துக்கு ஏங்குகிறவர்களுக்கு இது வீடு மாதிரி இருக்கும். ஆட்கள் குறைவாக இருப்பதால் அன்பும் நெருக்கமும் அதிகம்.

இ.பி.சி. (இவாஞ்சலிக்கல் பிரஸ்பிட்டேரியன் சர்ச்) 1981-ல் வந்தது. பெண்கள் மூப்பராகலாமா என்பதை அந்தந்தச் சபையே முடிவுசெய்யட்டும் என்று விட்டுவிட்டது. திருமணம் பற்றி பி.சி.ஏ. போலவே மரபான நிலை. பெண் மூப்பர் வேண்டும், ஆனால் பி.சி.யு.எஸ்.ஏ.வின் மற்ற முடிவுகள் வேண்டாம் என்பவர்களுக்கு நடுவில் ஒரு கதவு. எங்கள் வீட்டிலிருந்து ஓட்டிப்போகும் தூரத்தில் ஒன்று இருந்திருந்தால் அதை இன்னும் தீவிரமாக யோசித்திருப்போம்.

தமிழ்ச் சபை என்ற வழியையும் சொல்லாமல் விட முடியாது. பெரிய நகரங்களில் தமிழ் ஆராதனை நடக்கிறது, பல நேரம் ஒரு பிரஸ்பிட்டேரியன் கோயிலின் கட்டடத்தை மதியமோ மாலையோ வாடகைக்கு எடுத்து. கீர்த்தனை பாடி, பிறகு பிரியாணிப் பாத்திரத்தைச் சுற்றி நின்று பேசும் அந்த இரண்டு மணி நேரத்தை எந்த அமெரிக்கச் சபையும் தர முடியாது. பாட்டி தாத்தா கூட இருந்தால் அதுவே முதல் தேர்வாக இருக்கட்டும். பிள்ளைகள் பதிமூன்று வயதைத் தாண்டும்போதுதான் சிக்கல் வருகிறது. அவர்களுக்கு ஆயரின் தமிழ் எட்டாது. காலையில் பிரஸ்பிட்டேரியன் சபை, மாதம் ஒருமுறை தமிழ் ஆராதனை என்று இரண்டையும் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் எனக்குத் தெரியும். நாங்களும் அப்படித்தான்.

சேரும்போது என்ன நடக்கும்

வகுப்பு முடிந்ததும் செஷன் உங்களைச் சந்திக்கும். பரீட்சை மாதிரி இருக்குமோ என்று பயந்தோம். ஆராதனை முடிந்த பிறகு, சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஏழெட்டு மூப்பர்கள், மடிப்பு நாற்காலிகள், மேசையில் பாதி குடித்த காபி. பதிவேடு எழுதுகிறவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. "நீங்கள் எப்படி விசுவாசத்துக்கு வந்தீர்கள் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார். நம் ஊரில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தோம், திடப்படுத்தல் எடுத்தோம், அவ்வளவுதான். என் கணவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, விடியற்காலையில் அவருடைய ஆச்சி முழங்காலில் நின்று ஒவ்வொரு பேரப்பிள்ளையாகப் பெயர் சொல்லி ஜெபிக்கும் சத்தத்தில்தான் கண் விழிப்பேன் என்று ஆரம்பித்தார். அந்த அம்மா ஆச்சியின் பெயரைக் கேட்டு, எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். முடிவில் ஜெபம் பண்ணும்போது அந்தப் பெயரைச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். உச்சரிப்பு சரியில்லைதான். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு ஒரு ஞாயிறு சபைக்கு முன்னால் நின்று வாக்குக் கொடுக்க வேண்டும். பி.சி.ஏ.வில் ஐந்து கேள்விகள். நான் தேவனுடைய கோபத்துக்குத் தகுதியான பாவி, அவருடைய இரக்கம் தவிர எனக்கு வேறு நம்பிக்கை இல்லை என்பது முதலாவது. சபையின் நிர்வாகத்துக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கும் கீழ்ப்படிவேன் என்பது ஐந்தாவது. பி.சி.யு.எஸ்.ஏ.வில் வார்த்தைகள் கொஞ்சம் மென்மையாக இருக்கும். பாவத்தை விட்டுத் திரும்புகிறாயா, இயேசுவை ஆண்டவராகவும் இரட்சகராகவும் ஏற்கிறாயா, இந்தச் சபையின் உண்மையுள்ள அங்கமாக இருப்பாயா என்று கேட்பார்கள். எந்தப் பிரிவானாலும் வாக்குறுதிகளை முன்கூட்டியே கேட்டு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து வாசியுங்கள். பாட்டு எப்படி, பிரசங்கம் எப்படி, பார்க்கிங் எப்படி என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். அந்த ஐந்தாவது கேள்விக்கு 'ஆம்' என்று சொல்ல வாய் வரவில்லை என்றால், யாருக்குக் கீழ்ப்படிவதாகச் சொல்கிறோமோ அந்த மூப்பர்களை உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். வகுப்பைத் தள்ளிப்போட்டுவிட்டு அவர்களில் இரண்டு பேரையாவது வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள். என்னைக் கேட்டால், எந்தப் பிரிவு என்பதைவிட எந்தச் செஷன் என்பதுதான் உங்கள் அடுத்த பத்து வருஷத்தைத் தீர்மானிக்கும். நல்ல மூப்பர்கள் உள்ள ஒரு சபை, உங்களுக்கு முழுக்க ஒத்துவராத பிரிவில் இருந்தாலும், உங்களைத் தாங்கும்.

ஞானஸ்நானம் பற்றி: திரித்துவ நாமத்தில் கொடுத்த ஞானஸ்நானத்தைப் பிரஸ்பிட்டேரியன்கள் மறுபடி கொடுப்பதில்லை. சி.எஸ்.ஐ.யில் தெளித்ததோ பெந்தெகொஸ்தே சபையில் முழுகியதோ, இரண்டும் செல்லும். 'குழந்தைக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை' என்பவர்களையும் பல செஷன்கள் சேர்த்துக்கொள்ளும், ஆனால் பேட்டியிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்குத் திருவிருந்து என்பதில் வித்தியாசம் பெரிது. எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்ற சின்னப் பிள்ளையும் அப்பத்துக்குக் கை நீட்டும். தம்பி சபையில் பிள்ளை மூப்பர்கள் முன் தன் விசுவாசத்தைச் சொல்லிய பிறகுதான். அவனுடைய மூத்த மகன் பத்து வயதில் தைரியமாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். நம் திடப்படுத்தலைவிட அது நேர்மையான முறை என்று எனக்குப் பட்டது.

பணம் பற்றிச் சுருக்கமாக. சந்தா பாக்கி என்று ஓட்டை நிறுத்தும் வழக்கம் இங்கே இல்லை. குறைந்தபட்சத் தொகை யாரும் சொல்லமாட்டார்கள். வருஷத் தொடக்கத்தில் எவ்வளவு தர உத்தேசம் என்று ஓர் அட்டையில் எழுதித் தரச் சொல்வார்கள். பி.சி.யு.எஸ்.ஏ.வில் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு மேலமைப்புகள் சபையிடம் பங்கு கேட்கும். அதனால் வராத உறுப்பினர்களின் பெயரைச் செஷன் அவ்வப்போது ஒழுங்குபடுத்தும். கட்டடம் யாருடையது என்பதிலும் வேறுபாடு உண்டு. பி.சி.யு.எஸ்.ஏ.வில் சபைச் சொத்து முழுப் பிரிவின் நலனுக்கான நம்பிக்கைச் சொத்தாகக் கருதப்படும். பி.சி.ஏ.வில் அந்தந்தச் சபைக்கே சொந்தம், பிரிந்துபோனாலும் எடுத்துக்கொண்டு போகலாம். நம் ஊர்ச் சொத்து வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கடைசியாக, ஊரில் இருக்கும் பெயர். கல்யாணத்துக்கும் கல்லறைக்கும் ஊர்ச் சபையில் பெயர் வேண்டும் என்ற கவலை நியாயமானது. வேலை விசாவில் இருப்பவர்களுக்கும் மாணவர்களுக்கும், நிரந்தரமாக இங்கே இருப்போமா என்று தெரியாதவர்களுக்கும், இதற்கு வழி இருக்கிறது. பி.சி.யு.எஸ்.ஏ.வில் தற்காலிகமாக ஊர் மாறி வந்தவர்களை, தாய்ச்சபையிலிருந்து நற்சான்றுக் கடிதம் கொண்டுவந்தால், இணைப்பு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வார்கள். பி.சி.ஏ.விலும் இதேபோல ஒரு வகை உண்டு. அதில் ஓட்டும் பதவியும் கிடையாது, மற்ற எல்லா உரிமையும் உண்டு. ஊர்ப் பெயர் அப்படியே இருக்கும். இதைப் போதகர்களே பல நேரம் தாமாகச் சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும். கிரீன் கார்டு கிடைத்துப் பிள்ளைகள் இங்கேயே பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு முழு உறுப்பினராக மாறிக்கொள்ளலாம். எதுவானாலும் ஊர் ஆயருக்கு இப்போதே எழுதிக் கடிதம் கேளுங்கள். ஆயர் மாற்றம், கமிட்டித் தேர்தல், கிறிஸ்துமஸ் என்று ஏதாவது குறுக்கே வந்துகொண்டே இருக்கும். எங்களுக்கு அந்தக் கடிதம் வந்துசேர்வதற்குள் வகுப்பே முடிந்துவிட்டது.